சுரபி நாடகக் குடும்பம்: முகாமிலிருந்து விழா மேடைக்கு

குடும்பமாக ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களுக்கு நாடகம் போடுகிறவர்கள் என்றதும் இன்று நினைவுக்கு வருவது ஒரு வேன், கணவன் மனைவி, மடக்கி வைக்கிற மேடை, பின் இருக்கையில் தூங்கும் பிள்ளைகள். பள்ளி ஆண்டு விழா, புத்தகக் கண்காட்சி, நாடக விழா என்று அழைப்பு வந்த இடத்துக்குப் போவார்கள். பார்த்தவர்கள் கைதட்டிவிட்டு, வீடு திரும்பும் வழியில் ஒன்றைக் கேட்டுக்கொள்வார்கள்: அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்?

ஒரே ஒரு தலைமுறையாக இப்படி வாழும் குடும்பத்தை வைத்து இதற்கு விடை தேடினால் ஊகம்தான் மிஞ்சும். அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளையை மேடையில் ஏற்றுகிறதா, ஏற்ற மறுக்கிறதா என்று பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். அதனால் இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது ஆந்திரத்தின் சுரபி நாடகக் குடும்பத்தை. 1885-இல் தொடங்கியவர்கள். ஒரு குடும்பம், அதன் கிளைகள், கிளைகளின் கிளைகள் என்று இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். 'சிறுவர் நாடகக் குழு' என்று அவர்கள் பலகை மாட்டிக்கொண்டதில்லை. ஆனால் 'மாயாபஜார்', 'பாதாள பைரவி', 'பக்த பிரகலாதா', 'லவ குசா', 'பாலநாகம்மா' என்று அவர்கள் ஆடும் நாடகங்களைப் பாருங்கள். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்ப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மேடையிலும் பாதி நாடகங்களைச் சுமப்பது குழந்தை வேடங்கள்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுரபியின் குழந்தைகளுக்கு நாடகத்தில் இருந்த இடத்தைக் காத்தது, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் தங்கி ஆடும் முகாம் வாழ்க்கை. அந்த இடத்தை மெல்ல நகர்த்திவிட்டது, அழைப்பின் பேரில் நாடக விழாக்களுக்குப் போய் ஆடிவரும் விழா வாழ்க்கை. மரபைக் காப்பாற்றுகிறோம் என்று நல்ல எண்ணத்தோடு விழா நடத்துகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தோலில் இருந்து மேடைக்கு

கடப்பா மாவட்டத்தில் உள்ள சுரபி என்ற கிராமத்தின் பெயர்தான் குழுவின் பெயரானது. வனாரச கோவிந்தராவின் குடும்பம் மராத்தி பேசும் தோல்பொம்மலாட்டக் குடும்பம். மராத்தியர் ஆட்சிக் காலத்தில் தெற்கே இறங்கிய கூத்துக் குடும்பங்கள் பல. நம் கன்னியாகுமரி, நெல்லை, மதுரைப் பக்கம் தோல்பாவைக்கூத்து ஆடும் ராவ் குடும்பங்களும் வீட்டில் மராத்தி பேசி, திரைக்குப் பின்னால் தமிழில் 'நல்லதங்காள்' கதை சொல்கிறவர்கள்தான். அங்கேயும் தொழில் குடும்பத் தொழில். ஆட்டுகிறவர் கணவர். வாத்தியமும் பின்பாட்டும் மனைவி, பிள்ளைகள், மைத்துனர்கள். பாவைப் பெட்டியோடு குடும்பம் மொத்தமும் ஊர் மாறும்.

சுரபிக்காரர்கள் செய்த காரியம் திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பொம்மை ஆடிய இடத்தில் தாங்களே ஆடத் தொடங்கினார்கள். 1885-இல் ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டதற்காக ஒரு கல்யாண வீட்டில் 'கீசக வதம்' ஆடியதுதான் தொடக்கம் என்பது குழுவின் வரலாறு. ஸ்ரீ வெங்கடேஸ்வர நாட்டிய மண்டலி என்பது முறையான பெயர். யார் வாயிலும் அது நிற்கவில்லை, சுரபி என்பதுதான் நின்றது.

பொம்மலாட்டத்திலிருந்து வந்ததால் மூன்று பழக்கங்கள் கூடவே வந்தன. கண்ணுக்குத் தெரியாமல் கயிற்றை இழுக்கும் கைப்பழக்கம் ஒன்று. வீட்டில் எல்லோருக்கும் வேலை உண்டு என்ற ஏற்பாடு ஒன்று. மூன்றாவதுதான் பெரிது: பெண்கள் ஏற்கெனவே தொழிலுக்குள் இருந்தார்கள். தென்னிந்திய நாடக மேடைகளில் ஆண்களே புடவை கட்டி ஆடிக்கொண்டிருந்த காலத்தில், சுரபியில் பெண் வேடத்தைப் பெண்களே ஏற்றார்கள். அக்காலத்தில் மேடையேறும் பெண்ணை ஊர் எப்படிப் பேசும் என்பது தெரிந்ததே. ஆனால் பக்கத்தில் நிற்கும் கதாநாயகன் கணவனாகவும், வில்லன் மாமனாராகவும், அரிதாரம் பூசிவிடுகிறவர் நாத்தனாராகவும் இருந்தால் பேசுகிறவர்களுக்குப் பிடி கிடைப்பதில்லை.

பாய்ஸ் கம்பெனியும் சுரபியும்

தமிழ் வாசகருக்கு இதன் அருமை புரிய, சிறுவர்களையே நடிகர்களாக வைத்து நடந்த நம் பாய்ஸ் கம்பெனிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் ஆறு வயதில் தி.க. சண்முகம் சேர்ந்தார். அண்ணன்மாரும் தந்தையும் கூட இருந்தார்கள் என்பது அவருக்கு வாய்த்த பேறு. சுவாமிகள் அந்தச் சிறுவனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் இன்றும் சொல்லப்படும் செய்தி. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எம்.ஜி.ஆர். ஏழு வயது வாக்கில், வீட்டு வறுமையால், அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். சிவாஜி கணேசனும் சிறுவனாக வீட்டைவிட்டு வந்து கம்பெனியில் சேர்ந்தவர்தான்.

அந்தக் கம்பெனிகளில் சாப்பாடு கிடைத்தது, பாட்டு கிடைத்தது, தமிழ் உச்சரிப்பு கிடைத்தது. அடியும் கிடைத்தது. அம்மா கிடைக்கவில்லை. கம்பெனி வீடு என்று பெயர்தான், வீட்டில் இருக்க வேண்டியவர்கள் அங்கே இல்லை. குரல் உடைந்த வயதில் பையனுக்குப் பெண் வேடமான ஸ்திரீபார்ட்டும் போய், நாயக வேடமான ராஜபார்ட்டும் வராமல், நடுத்தெருவில் நிற்கும் கட்டம் ஒன்று உண்டு. பாய்ஸ் கம்பெனி நடிகர்களின் நினைவுகளில் அந்தப் பயம் ஊடாடிக்கொண்டே இருக்கும். (பாலாமணி அம்மாளின் பெண்கள் நாடகக் குழு போன்றவை தமிழில் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அவை வேறு கதை.)

சுரபியில் குரல் உடைந்த பையனை வெளியே அனுப்ப வழியில்லை, ஏனென்றால் அவன் மகன். குரல் தேறும்வரை திரைச்சீலை இழுப்பான், விளக்குப் பிடிப்பான், குரங்கு வேடத்தில் வசனம் இல்லாமல் குதிப்பான். பாலகிருஷ்ணனாக வந்தவன் பிறகு அபிமன்யு, அப்புறம் அர்ஜுனன், வயிறு வைத்தபின் கடோத்கஜன், பல் போனபின் பின்பாட்டு. ஒரே நாடகத்துக்குள் ஒரு மனிதனின் ஆயுள் முழுவதற்கும் வேடங்கள் இருந்தன.

சுரபி கமலாபாயின் பிறப்பைப் பற்றிச் சொல்லப்படும் கதை தெலுங்கு நாடக உலகில் பிரசித்தம். தாய் தமயந்தி வேடத்தில் மேடையில் இருந்தபோதே வலி எடுத்து, அங்கேயே குழந்தை பிறந்ததாம். பார்த்தவர்கள் அதையும் நாடகம் என்று எண்ணி மேடையை நோக்கிக் காசு வீசினார்களாம். கதையில் எவ்வளவு அரிதாரம் ஏறியிருக்கிறதோ, நிறைமாதத்தில் ஒரு பெண் நளன் கதையை ஆடிக்கொண்டிருந்தாள் என்ற அளவில் அது நமக்குப் போதுமான சாட்சி. மாற்று நடிகையை வரவழைக்கும் வழக்கம் அங்கே இல்லை. அந்தக் குழந்தை கிருஷ்ணனாகவும் பிரகலாதனாகவும் சுரபி மேடையில் வளர்ந்து, 1932-இல் வெளிவந்த தெலுங்கின் முதல் பேசும் படமான 'பக்த பிரகலாதா'வில் பிரகலாதனின் தாய் லீலாவதியாக நடித்தது. மகன் வேடத்திலிருந்து தாய் வேடத்துக்கு, அதே கதையில்.

முகாம் என்றால் என்ன

ஒரு ஊரில் கொட்டகை போட்டு, மாதக்கணக்கில் தங்கி, இரவுக்கு ஒரு நாடகம் மாற்றி மாற்றி ஆடுவது முகாம். தகரமும் மூங்கிலும் துணியும் கொண்டு தாங்களே எழுப்பும் கொட்டகை. கொட்டகையை ஒட்டியே குடியிருப்பு. வசூல் தேய்ந்ததும் எல்லாவற்றையும் பிரித்து லாரியில் ஏற்றி அடுத்த ஊர். ஐம்பது அறுபது பேர் கொண்ட குழுவில் அநேகமாக அனைவரும் உறவினர்கள்.

இதில் குழந்தைக்கு எது கிடைத்தது என்று பார்ப்போம். பயிற்சி வகுப்பு என்று ஒன்று கிடையாது. இரவு தூளியில் கிடக்கும்போதே ஹார்மோனியமும் பத்யமும் (தெலுங்கு மேடையில் பாடும் செய்யுள்) காதில் விழுகின்றன. நடக்கத் தொடங்கியதும் சைடு விங்கில் நின்று பார்க்கிறது. மூன்று நான்கு வயதில் யாரோ தலையில் மயிற்பீலியைச் செருகி மேடையில் தள்ளிவிடுகிறார்கள். அரிச்சந்திரன் கதையில் லோகிதாசன், பிறகு லவனோ குசனோ. வசனம் மறந்தால் பக்கத்தில் நிற்கும் சீதை முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் காதருகே எடுத்துக் கொடுப்பாள். அவள் பெற்ற தாயாகவே இருக்கக்கூடும்.

தந்திரக் காட்சிகள் சுரபியின் உயிர். நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ். மனோகர் ஆகியோர் மேடைகளைப் பார்த்த தலைமுறைக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மலரும். 'மாயாபஜாரி'ல் கடோத்கஜன் கல்யாண விருந்தைக் காலி செய்யும் காட்சியை நாம் 1957-இல் வந்த திரைப்படத்தில் பார்த்திருக்கிறோம். படத்தில் அது காமிராவின் வேலை. சுரபி மேடையில் அதே லட்டுகள் தட்டிலிருந்து தாமே எழும்பி, காற்றில் மிதந்து, பார்வையாளர் கண் முன்னே அவன் வாய்க்குள் போகின்றன.

இதை மேடைக்குப் பின்னாலிருந்து யோசித்துப் பாருங்கள். நூல் தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் பின்படுதா இருட்டாக, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து நடிகரின் மேல் மட்டும் விழ வேண்டும். இழுக்கிறவருக்குக் கடோத்கஜனின் முகம் தெரியாது, முதுகோ தோளோதான் தெரியும். எனவே அவர் கண்ணை நம்புவதில்லை, பாட்டை நம்புகிறார். எந்தச் சொல்லில் வாய் திறக்கும், எந்தத் தாளத்தில் மூடும் என்பது அவர் உடம்பில் இருக்க வேண்டும். நடிகர் ஒரு மூச்சு அதிகம் எடுத்தால் லட்டு மூக்கில் இடிக்கும், கொட்டகை சிரித்துவிடும். சின்ன வயதிலிருந்து அந்தப் பாட்டைத் தூக்கத்திலும் கேட்டவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கடோத்கஜனாக நடிக்கும் சித்தப்பா எங்கே இழுப்பார், எங்கே முழுங்குவார் என்பது வீட்டு விஷயம்.

அம்புச் சண்டையும் அப்படித்தான். இரண்டு பக்கத்திலிருந்தும் அம்புகள் கம்பி வழியே ஓடிவந்து நடுமேடையில் மோதித் தீப்பொறி சிதறும். மோதும் இடம் ஒரு அடி தள்ளிப்போனால் நடிகரின் முடியில் பற்றும். நம் மேடைகளில் குங்கிலியப் பொடியைத் தீயில் வீசி நெருப்பெழுப்பிய கையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆபத்து விளங்கும். ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்த ஆளிடம் இதைக் கொடுக்க எவருக்கும் தைரியம் வராது.

கோவிந்தராவின் பெண்களும் பேத்திகளும் கல்யாணமாகித் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்தார்கள். பொதுவாகக் குடும்பம் பிரிந்தால் தொழில் நலியும், இங்கே பிரியப் பிரிய வளர்ந்தது. ஒரு கட்டத்தில் ஆந்திரம் முழுதும் சுரபிக் கொட்டகைகள் டஜன் கணக்கில் நின்றன. சினிமா வந்தது, பிறகு தொலைக்காட்சி வந்தது, இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய குழுக்களே மிச்சம். இந்தச் சரிவைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம் என்பதால் நான் அதில் நிற்கவில்லை.

விழாக்காரர்கள் வந்தார்கள்

1990-களில் கன்னட நாடக இயக்குநர் பி.வி. காரந்த் சுரபியோடு வேலை செய்தது திருப்புமுனை. சிறுவனாக இருந்தபோது வீட்டைவிட்டுப் போய் குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர் அவர். தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநர் பதவி வரை பார்த்தவர். கம்பெனிக் கொட்டகையின் வாசனை தெரிந்தவர் என்பதால், சுரபிக்காரர்களை நவீனமாக்குகிறேன் என்று கையைக் கட்டிப்போடவில்லை. 'பீஷ்மா', 'சண்டிப்பிரியா', ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தைத் தழுவிய 'பஸ்தி தேவதா யாதம்மா' ஆகியவை அவரோடு உருவாயின. நகரத்து நாடக ரசிகர்கள் சுரபியைத் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான்.

குழுவை நடத்திய ரேகந்தர் நாகேஸ்வர ராவ், எல்லோருக்கும் பாப்ஜி, 2013-இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே ஆண்டு பிரான்ஸின் மெட்ஸ் நகரில் நடந்த பசாஜ் விழாவில் குழு ஆடியது. 2022-இல் அவர் காலமானார். சுரபி அழியாமல் இருப்பதற்கு அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது ஒரு முக்கியக் காரணம் என்று ஹைதராபாத் நாடகக்காரர்கள் சொல்வார்கள். ஹைதராபாத்தின் லிங்கம்பள்ளிப் பக்கம் சுரபி காலனி என்றே ஒரு குடியிருப்பு உருவானது. ரவீந்திர பாரதி அரங்கிலும், பப்ளிக் கார்டன்ஸில் உள்ள லலித கலா தோரணத்திலும் நகரத்துக் குடும்பங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

இது வெற்றிக் கதைதான், மறுக்கவில்லை. இருந்தாலும் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முகாமில் ஐம்பது பேரும் தேவை. கொட்டகை எழுப்ப, டிக்கெட் கிழிக்க, சீன் வரைய, சமைக்க, குழந்தையைத் தூக்கிக்கொள்ள, ஆட. அறுபது வயதுப் பெரியவரும் நான்கு வயதுப் பேரனும் அந்த ஏற்பாட்டில் பாரமாக இல்லை. விழாவுக்கு அழைப்பு வரும்போது முதலில் கேட்கப்படுவது, "எத்தனை பேர்?" என்பதுதான். விமான டிக்கெட், விசா, ஓட்டல் அறை, சாப்பாட்டுக் கூப்பன் எல்லாம் தலைக்கணக்கு. பட்டியலைச் சுருக்க வேண்டிய நெருக்கடி வந்தால் எந்தப் பெயர் முதலில் அடிபடும் என்று யோசிக்கவே வேண்டாம். வசனம் இல்லாத குரங்குகள், சைடு விங்கில் நின்று பார்க்க மட்டுமே வந்தவர்கள், தூளியில் இருப்பவர்கள். அதாவது கற்றுக்கொண்டிருப்பவர்கள்.

தூளிக்குழந்தையை விட்டுவிட்டுத் தாய் வர முடியாது. ஆகவே அந்தத் தாயும் பட்டியலில் இல்லை. சுரபியின் பெருமையே பெண்கள் ஆடுவது என்று விழா மலரில் அச்சடித்திருப்பார்கள். பிள்ளை பெற்ற நடிகைக்கு அந்த விழாவில் இடம் இராது. நிறைமாதத்தில் தமயந்தி ஆடியவளின் கொள்ளுப்பேத்திகளுக்கு இந்தச் சிக்கல்.

நேரமும் சுருங்குகிறது. முகாமில் நாடகம் நிதானமாக விரியும், பத்யத்துக்கு ஒன்ஸ்மோர் கேட்டால் திரும்பப் பாடலாம். விழாவில் உங்களுக்கு இன்ன மணி முதல் இன்ன மணி வரை அரங்கம். மேடை அமைக்க ஒரு பகல், பிரிக்க ஒரு இரவு. தீயணைப்புத் துறை அனுமதி இல்லாமல் பொறி பறக்கக் கூடாது. வெட்டும்போது எதை வெட்டுவார்கள்? கதை தெரியாதவர்களுக்கும் பிடிக்கும் தந்திரக் காட்சிகளை விட்டுவைத்து, பாட்டையும் சின்ன வேடங்களையும் வெட்டுவார்கள். குழந்தைகள் கற்றுக்கொண்டு ஏறிய படிகள் அந்தச் சின்ன வேடங்கள்தான்.

சட்டம் எந்தக் கதவைத் திறக்கிறது

2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. இரண்டு விலக்குகள் தருகிறது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, விடுமுறையில் உதவி செய்யலாம் என்பது ஒன்று. சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம் போன்ற கேளிக்கைத் துறையில் கலைஞராகப் பங்கேற்கலாம் என்பது மற்றொன்று. சர்க்கஸுக்கு மட்டும் இந்த இரண்டாவது கதவு மூடப்பட்டிருக்கிறது. இரண்டிலும் படிப்பு கெடக் கூடாது.

சுரபிக்குக் குடும்பத் தொழில் என்ற முதல் கதவுதான் பொருத்தம் என்று தோன்றும். விதிகளைப் படித்தால் அங்கே முட்டுகிறது: குடும்பத் தொழிலில் குழந்தை இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை எந்த வேலையும் செய்யக் கூடாது, ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பகலெல்லாம் உழைத்த ஊர் சாப்பிட்டுவிட்டு நாடகம் பார்க்க வருவதே அந்த நேரத்தில்தான். ஆகவே இரண்டாவது கதவு. கலைஞராக ஒரு நாளில் 5 மணி நேரம், ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மிகக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தை பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும்.

நல்ல விதிகள். நான் இவற்றுக்கு எதிரி இல்லை; பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் இவற்றில் பாதி இருந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் அழாமல் தூங்கியிருப்பார்கள். ஆனால் இவை முதலாளி ஒருபுறம், குழந்தை ஒருபுறம் என்று வைத்து எழுதப்பட்டவை. தாத்தாவே தயாரிப்பாளராக இருந்து, வசூலே வீட்டுச் செலவாக ஓடும் இடத்தில், குழந்தையின் 'வருமானம்' எது என்று யார் பிரித்துச் சொல்வது? லோகிதாசனாகச் செத்துக் கிடந்ததற்கு என்ன கூலி?

இந்தக் கேள்விக்கு எதிர்பாராத இடத்தில் பாதி விடை இருக்கிறது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் குரு-சிஷ்யத் திட்டம் நாடகக் குழுக்களுக்கு மாதாந்திர உதவித்தொகை தருகிறது. குருவுக்கு 15,000 ரூபாய். சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. குழந்தையும் சிஷ்யர்தான் என்று அரசாங்கத்தின் ஒரு தாள் ஒப்புக்கொள்கிறது. விழா நடத்துகிறவர்களின் தாளில் அந்த இடம் இல்லை.

பள்ளிக்கூடம்

முகாம் காலத்தின் பெருங்குறை இதுதான், இதை மூடி மறைப்பதில் பொருளில்லை. சில மாதங்களுக்கு ஒரு ஊர் என்றால் சில மாதங்களுக்கு ஒரு பள்ளி. நடுவில் சேர்க்க மாட்டோம் என்பார்கள், மாற்றுச் சான்றிதழ் எங்கே என்பார்கள். பழைய தலைமுறையில் பலர் தொடக்கப் பள்ளியோடு நின்றார்கள். வால்மீகியையும் வியாசரையும் மனப்பாடமாகச் சொல்கிறவர் வங்கிப் படிவத்தை நிரப்ப ஆள் தேடுவார்.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் இங்கே உண்மையாகவே உதவியது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அந்தச் சட்டம் வந்தபோது சுரபியின் பெரும்பகுதி ஹைதராபாத்தில் வேர்விட்டிருந்தது. பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், சிலர் கல்லூரி போனார்கள். முகாம் சுருங்கியதால் படிப்பு தேறியது. இதை இழப்பென்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

வேறொரு வழியும் உலகில் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. 1971-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் தொடங்கி, பிறகு பிரான்ஸில் நிலைகொண்ட ஃபுட்ஸ்பார்ன் நாடகக் குழு, கூடாரமும் வண்டிகளுமாகக் கண்டம் விட்டுக் கண்டம் போனது. கேரளத்துக்கும் வந்து மலையாள நடிகர்களோடு வேலை செய்தது. நடிகர்களின் குடும்பங்களும் கூடவே பயணம் செய்தன, பிள்ளைகளுக்குப் பயணப் பள்ளி ஒன்றும் உடன் போனது. ஆசிரியரைக் குழுவின் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வது என்பது அவர்கள் கண்ட தீர்வு. அதற்குப் பணமும், வீட்டுக் கல்வியை ஏற்கும் அரசும் வேண்டும். சுரபிக்கு ஒரு ஆசிரியரின் சம்பளத்தை யாராவது கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். கொட்டகைத் தகரத்துக்கே பணம் தேடியவர்களிடம் அதைச் சொல்ல முடியாது.

2020-இல் கொரோனா வந்து அரங்குகள் மூடியபோது முகாமும் இல்லை, விழாவும் இல்லை. தினசரி வசூலை நம்பிய குழுக்களுக்கு எல்லாம் நேர்ந்தது இவர்களுக்கும் நேர்ந்தது. பிள்ளைகளில் படித்தவர்கள் வேறு வேலை தேடினார்கள் என்பதில் வியப்பில்லை.

விழா நடத்துகிறவர்களிடம் சில கேள்விகள்

தமிழ்நாட்டிலும் இப்போது குடும்பமாகச் சிறுவர் நாடகம் போடுகிறவர்கள் கூடிவருகிறார்கள். சுரபியின் அனுபவத்தை வைத்துக்கொண்டு விழா ஏற்பாட்டாளர்களிடம் கேட்க எனக்குச் சில உண்டு. அழைப்புக் கடிதத்தில் 'கலைஞர்கள் எத்தனை பேர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'உடன் வரும் குழந்தைகள்' என்று ஒரு கட்டம் சேர்க்க என்ன தடை? ஒரு காட்சிக்காக வரவழைத்து மறுநாளே அனுப்புவதற்குப் பதிலாக, அதே செலவில் ஒரே ஊரில் ஒரு வாரம் தங்கவைத்து நான்கு பள்ளிகளில் ஆடவிட்டால் அது சிறு முகாமாகிவிடாதா? தூளி கட்ட ஒரு அறை, மேடைக்குப் பக்கத்திலேயே. இதற்கெல்லாம் பெரிய நிதி தேவையில்லை, பட்டியல் எழுதுகிறவருக்கு நாடகக் குடும்பம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

நாட்காட்டி வேறு இருக்கிறது. முகாம் நடத்துகிறவர் ஊர்த் திருவிழாவையும் அறுவடையையும் கோடை விடுமுறையையும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பார். நம் பெரிய நாடக விழாக்களோ குளிர்காலத்தில், பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வருகின்றன. தில்லியில் தேசிய நாடகப் பள்ளியின் பாரத் ரங் மகோத்சவும், திருச்சூரில் கேரளத்தின் சர்வதேச நாடக விழாவும் அந்தக் காலத்தில்தான் நடந்துவந்திருக்கின்றன. மார்ச்சில் பொதுத்தேர்வு. ஒரு வாரம் தில்லிக்குப் போய்வந்தால் திருப்புதல் தேர்வு போய்விடும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இருக்கிற பிள்ளைகளைப் பெற்றோர் இப்போது அனுப்புவதில்லை, அனுப்பச் சொல்லவும் நமக்கு உரிமையில்லை. ஆகவே அபிமன்யு வேடத்துக்குச் சரியான வயதில் இருப்பவன் வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, முப்பது கடந்த மாமா மீசையை மழித்துக்கொண்டு 'மாயாபஜார்' நாயகி சசிரேகாவைக் காதலிக்கிறார்.